டிஜிட்டல் யுகத்தில் தூரமானிக் காமிரா

நம் சுட்டுவிரலை முகத்துக்கு நேரே நீட்டிப் பிடித்து, முதலில் இடக்கண்ணை மூடிக்கொண்டும், பிறகு வலக்கண்ணை மூடிக்கொண்டும் பார்ப்போமானால், விரல் தான் இருந்த இடத்தை விட்டு இப்புறமும் அப்புறமும் தாவுவது போலத் தோன்றும். விரலை அருகில் கொண்டுவந்தால் தாவல் மிகும். தொலைவில் நிற்கும் தெருவிளக்கையோ கோபுரத்தையோ அதே முறையில் பார்த்தால் தாவல் அநேகமாகத் தெரியாது. நம் கண்கள் இரண்டும் சிறிது விலகி அமைந்திருப்பதனால், ஒரே பொருள் இரு கோணங்களில் நமக்குத் தெரிகிறது. பொருள் எவ்வளவு தூரத்தில் உள்ளது என்பதை மூளை கணிக்கும் வழிகளுள் இந்தக் கோண வேறுபாடு முக்கியமான ஒன்று.

பீரங்கிப் படையினரும் போர்க்கப்பல்களில் பணி செய்தோரும் பகைவரின் தொலைவை அளப்பதற்கு நெடுங்காலம் இந்த உண்மையையே பயன்படுத்தினர். நீண்ட குழாய் ஒன்றின் இரு முனைகளிலும் கண்ணாடிகளைப் பொருத்தி, இரு காட்சிகளையும் ஓரிடத்தில் சேர்த்து நோக்கும் அந்தக் கருவிக்கு ரேஞ்ச்பைண்டர் என்று பெயர். தமிழில் அதனைத் தூரமானி எனலாம். அதனையே உள்ளங்கை அகலத்துக்குச் சுருக்கிப் புகைப்படக் கருவியின் தலைப்பகுதியில் பொருத்தியபோது பிறந்ததுதான் தூரமானிக் காமிரா.

இந்தக் காமிராவின் சரித்திரத்தில் 2025-ஆம் ஆண்டு இரண்டு காரணங்களால் நினைக்கத் தக்கது. ஜெர்மனியின் லைகா காமிரா விற்பனைக்கு வந்து அவ்வாண்டோடு நூறாண்டு நிறைந்தது. அதே ஆண்டு அக்டோபர் மாதத்தில், அதே நிறுவனம் தன் புகழ்பெற்ற ‘எம்’ வரிசையில், தூரமானி இல்லாத காமிரா ஒன்றை வெளியிட்டது. ‘எம்’ என்னும் அந்த எழுத்து, தூரமானியைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லின் முதலெழுத்தே ஆகும். பெயர் இருக்க, பொருள் நீங்கிய இந்த நிகழ்ச்சியைக் கண்டு, தூரமானிக் காமிராவின் காலம் முடிந்துவிட்டதோ என்று பலர் ஐயுறுகின்றனர். அந்த ஐயத்துக்கு இடம் உண்டா என்பதை, அக்கருவி வந்த வழியைத் திரும்பிப் பார்த்து ஆராய்வோம்.

முதலில் அதன் அமைப்பை அறிந்துகொள்வது நலம். தூரமானிக் காமிராவின் முகப்பில், லென்ஸுக்கு மேலே, ஒன்றுக்கொன்று சில அங்குலம் விலகி இரண்டு சாளரங்கள் உள்ளன. ஒன்றின் வழியாக நாம் உலகை நேரே காண்கிறோம். மற்றொன்றின் வழியாக வரும் காட்சி, உள்ளே உள்ள கண்ணாடிகளில் பட்டுத் திரும்பி, நாம் காணும் காட்சியின் நடுவில் மங்கலான சிறு கட்டமாக விழுகிறது. படமெடுக்க வேண்டிய முகம் அந்தக் கட்டத்துக்குள் இரட்டையாகத் தெரியும். லென்ஸின் வளையத்தைத் திருப்பத் திருப்ப, இரட்டை உருவங்கள் நெருங்கி ஒன்றாகப் பொருந்தும். அவ்வாறு பொருந்திய கணத்தில் லென்ஸும் அந்த முகத்துக்கு உரிய தூரத்தில் வந்து நிற்கும். வளையத்தின் அசைவைச் சாளரத்தின் கண்ணாடிக்கு எடுத்துச் செல்வது ஒரு சிறு நெம்புகோல். மின்சாரம் இதில் எங்கும் இல்லை.

இக்காமிராவில் நாம் லென்ஸின் வழியாகப் பார்ப்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வீட்டின் பலகணி வழியாகத் தெருவைப் பார்ப்பது போலப் பார்க்கிறோம். படத்தில் அடங்கும் பகுதி எது என்பதை ஒளிக்கோடுகள் சட்டமிட்டுக் காட்டும். சட்டத்துக்கு வெளியே உள்ளதும் நமக்குத் தெரியும். தெருமுனையிலிருந்து ஒருவர் வந்துகொண்டிருந்தால், அவர் சட்டத்துக்குள் நுழையும் முன்பே நாம் அவரைக் கண்டுகொள்ளலாம். படம் பதிவாகும் கணத்திலும் காட்சி மறைவதில்லை. இந்தக் கருவியின் வலிமை இதுவே. இதன் குறைகளும் இதிலிருந்தே தோன்றின.

லைகாவைப் படைத்தவர் ஆஸ்கர் பார்நாக் என்னும் பொறியியல் வல்லுநர். வெட்ஸ்லார் நகரில் நுண்ணோக்கிகள் செய்துவந்த எர்ன்ஸ்ட் லைட்ஸ் நிறுவனத்தில் அவர் பணிபுரிந்தார். அக்காலத்துக் காமிராக்கள் பெட்டி போலப் பெரியவை. கண்ணாடித் தகடுகளைச் சுமந்து திரிய வேண்டும். சினிமாவுக்குப் பயன்பட்ட 35 மில்லிமீட்டர் பிலிமைக் கொண்டு, சினிமாப் படச் சட்டத்தைப் போல இரு மடங்கு, அதாவது 24-க்கு 36 மில்லிமீட்டர் அளவில் படமெடுக்கும் சிறு கருவியை அவர் 1914-ஆம் ஆண்டு அளவில் அமைத்தார். முதல் உலகப் போரும் அதன் பின்விளைவுகளும் குறுக்கிட்டன. 1925-ஆம் ஆண்டில் லைப்ஸிக் வசந்தகாலச் சந்தையில்தான் லைகா பொதுமக்களின் பார்வைக்கு வந்தது. லைட்ஸ் காமிரா என்பதன் சுருக்கமே லைகா.

அந்த முதல் லைகாவில் தூரமானி இணைந்திருக்கவில்லை. தூரத்தைக் கண்மதிப்பாகவே கணிக்க வேண்டும். அல்லது தனியாக விற்ற தூரமானியைக் காமிராவின்மேல் செருகி, அது காட்டும் எண்ணை லென்ஸில் வைத்துக்கொள்ள வேண்டும். தூரமானியை லென்ஸுடன் இணைக்கும் யுக்தியை அமெரிக்காவின் கோடாக் நிறுவனம் 1916-ஆம் ஆண்டிலேயே ஒரு பெரிய மடிப்புக் காமிராவில் கையாண்டது. சிறிய காமிராவில் அது நிலைபெற்றது 1932-இல். அவ்வாண்டில் லைகாவின் இரண்டாம் மாதிரியும், அதற்குப் போட்டியாக ஸைஸ் இகான் நிறுவனத்தின் கான்டாக்ஸும் இணைந்த தூரமானியோடு வெளிவந்தன. 1954-இல் வந்த லைகா எம்-3, காட்சிச் சாளரத்தையும் தூரமானியையும் ஒரே கண்பார்வையில் சேர்த்தது.  அன்று வகுத்த லென்ஸ் பொருத்தும் முறை இன்றளவும் மாறவில்லை. 1954-இல் வாங்கிய லென்ஸை இன்றைய டிஜிட்டல் எம் காமிராவில் மாட்டிப் படமெடுக்கலாம். ஒரு தொழிலில் எழுபது ஆண்டு இவ்வாறு வாக்குக் காப்பது எளிதன்று.

இந்தச் சிறு கருவியால் விளைந்த பயனுக்குச் சான்று தேடி நாம் அயல்நாடு செல்ல வேண்டியதில்லை. பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் 1930-களின் தொடக்கத்தில் லைகாவைக் கையில் எடுத்தவர். அதன் பளபளக்கும் உலோகப் பகுதிகளைக் கறுப்பு நாடாவால் மூடிக்கொண்டு, கூட்டத்தில் ஒருவராக நின்று படமெடுப்பது அவர் வழக்கம். 1948 ஜனவரி 30-ஆம் நாள், டில்லி பிர்லா மாளிகையில், காந்தியடிகள் சுடப்படுவதற்குச் சிறிது நேரத்துக்கு முன் அவரைச் சந்தித்துத் திரும்பியவர் அவர். செய்தி கேட்டு மீண்டும் ஓடிவந்து, மாளிகை வாயிலில் நேருஜி அந்தத் துயரச் செய்தியை மக்களுக்கு அறிவித்ததைப் படம் பிடித்தார். பொழுது சாய்ந்த இருட்டு, விளக்கு வெளிச்சம், நெருக்கும் கூட்டம். அந்தப் படத்தில் கூர்மையைக் காட்டிலும் நடுக்கமே மிகுதி. ஆயினும் அந்த மாலைப் பொழுதைப் பிற்காலத்தாருக்கு உணர்த்தும் படங்களுள் அது முன்னிற்கிறது.

தமிழகத்துக்கும் அவர் அதே கருவியோடு வந்தார். 1950 ஏப்ரல் மாதம் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் இறுதி நாள்களில் அவர் அங்கே இருந்தார். ஏப்ரல் 14-ஆம் நாள் இரவு மகரிஷி மறைந்த வேளையில் வானில் ஒளி ஒன்று பாய்ந்து சென்றதைக் கண்டவர்களுள் அவரும் ஒருவர். அம்மாதமே புதுச்சேரியில் அரவிந்தரையும் படமெடுத்தார். நோயுற்ற ஒருவரின் அறைவாசலிலும், அமைதியான ஆசிரமத்திலும், கண்ணைப் பறிக்கும் மின்வெளிச்சமும் உரத்த ஓசையும் இல்லாமல் படமெடுக்க ஏற்ற கருவி அந்நாளில் இதுவே.

பெரும் கலைஞர்களுக்கு மட்டுமே உரியதாக அது இருந்ததும் இல்லை. 1960-களில் ஜப்பான் நாட்டுத் தொழிற்சாலைகள் தூரமானிக் காமிராவை நடுத்தரக் குடும்பங்களின் கைக்குக் கொண்டுவந்தன. 1961-இல் கானன் நிறுவனத்தின் கானனெட், 1962-இல் மினோல்டாவின் ஹை-மாட்டிக், 1966-இல் யஷிகாவின் எலெக்ட்ரோ-35 ஆகியவை வந்தன. லென்ஸை மாற்ற முடியாத எளிய காமிராக்கள் இவை. ஆயினும் உண்மையான தூரமானி இவற்றில் இருந்தது. 1962-இல் பூமியை வலம் வந்த அமெரிக்க விண்வெளி வீரர் ஜான் கிளென் தம்முடன் கொண்டுசென்ற காமிராக்களுள் ஒன்று, மினோல்டா செய்து வேறு பெயரில் விற்பனையான இத்தகைய காமிராவே. அதனை அவர் ஒரு சாதாரணக் கடையில் வாங்கினார். சாமானியன் கடையில் வாங்கத்தக்க பொருளாகத் தூரமானி இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம். இக்கட்டுரையின் முடிவு இதனைப் பற்றியே அமையும்.

தூரமானியின் ஆதிக்கம் குன்றத் தொடங்கியதும் அதே காலத்தில்தான். லென்ஸின் வழியாகப் பார்க்காமையால் இரண்டு இடர்கள் இருந்தன. மிக அருகில் உள்ள பூவையோ எழுத்தையோ படமெடுக்கும்போது, சாளரம் காட்டுவது ஒன்றாகவும் லென்ஸ் பதிப்பது மற்றொன்றாகவும் இருக்கும். தொலைவில் உள்ள பறவையையோ பந்தாட்டக்காரரையோ இழுத்துக் காட்டும் நீண்ட லென்ஸ்களுக்கு, சிறு சாளரத்தின் அளவைத் துல்லியம் போதாது. 135 மில்லிமீட்டர் நீளத்துக்கு மேல் தூரமானி பயன்படுவது அரிது. லென்ஸின் காட்சியையே கண்ணாடியில் திருப்பிக் காட்டும் எஸ்.எல்.ஆர். காமிரா இவ்விரு குறைகளையும் தீர்த்தது. 1959-இல் வந்த நிக்கான்-எப் அந்த வகையைத் தொழில்முறைப் புகைப்படக்காரரின் நம்பிக்கைக்கு உரியதாக்கிற்று. தூரமானிக் காமிராவில் புகழ்பெற்றிருந்த அந்த நிறுவனமே தன் பாதையை மாற்றிக்கொண்டது. 1971-இல் வந்த லைகா எம்-5 எதிர்பார்த்த வரவேற்பைப் பெறவில்லை. எம் வரிசையே நின்றுபோகும் நிலை வந்து, பின்னர்க் கனடாவில் இருந்த கிளைத் தொழிற்சாலையில் எம்-4-2 என்னும் மாதிரியால் அது மீண்டும் உயிர்பெற்றது. ஆக, தூரமானிக்கு முடிவு வந்துவிட்டது என்னும் சொல் இன்று முதல்முறையாகக் கேட்கப்படுவதன்று.

அடுத்து வந்தது டிஜிட்டல் மாற்றம். ஒளியை மின்னூட்டமாக மாற்றிப் பதியும் சி.சி.டி. என்னும் உணர்வியை 1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்டு பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் கண்டனர். 2009-இல் நோபல் பரிசு அவர்களைச் சேர்ந்தது. 1975-இல் கோடாக் நிறுவனத்தின் ஸ்டீவன் ஸாஸன் அத்தகைய உணர்வியைக் கொண்டு டிஜிட்டல் காமிராவின் முதல் மாதிரியை அமைத்தார். அது பதிந்த புள்ளிகள் பதினாயிரம். ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 விநாடிகள் ஆயின. அந்த வித்து வளர்ந்து மரமானபோது அதன் நிழலில் பிலிம் தொழில் வாடியது. கோடாக் நிறுவனமே 2012-இல் திவால் பாதுகாப்புக் கோரிற்று. நீலகிரியில், உதகமண்டலத்தில், 1960-இல் அரசுடைமையாக நிறுவப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையும் நலிந்து ஓய்ந்தது.

எஸ்.எல்.ஆர். காமிராவில் பிலிம் இருந்த இடத்தில் உணர்வியை வைப்பது ஓரளவு எளிதாயிற்று. தூரமானிக் காமிராவிலோ அது கடினமாயிற்று. அதன் காரணம் அறியத்தக்கது. எஸ்.எல்.ஆரில் கண்ணாடி எழுந்து விழுவதற்கு இடம் வேண்டும். ஆகையால் லென்ஸ் பிலிமிலிருந்து தள்ளியே நிற்கும். தூரமானிக் காமிராவில் கண்ணாடி இல்லாததால், லென்ஸ் பிலிமை மிகவும் நெருங்கி நிற்கலாம். லைகா எம் வரிசையில் லென்ஸ் பொருந்தும் வளையத்துக்கும் பிலிமுக்கும் இடையே 27.8 மில்லிமீட்டரே தூரம். லென்ஸைச் சிறிதாகவும் சிறப்பாகவும் செய்ய இந்த நெருக்கமே உதவிற்று. ஆனால் நெருங்கிய லென்ஸிலிருந்து படத்தின் மூலைகளுக்குச் செல்லும் கதிர்கள் மிகச் சாய்ந்து விழும். பிலிம் எந்தக் கோணத்தில் வரும் ஒளியையும் ஏற்றுக்கொள்ளும். உணர்வியின் ஒவ்வொரு புள்ளியோ ஆழ்கிணறு போன்றது. உச்சி வெயில் கிணற்றின் அடியை எட்டும், மாலை வெயில் சுவரிலேயே நின்றுவிடும். ஆகவே மூலைகள் இருண்டன; நிறமும் திரிந்தது.

இந்தத் தடையை முதலில் தாண்டியது லைகா அன்று. ஜப்பானின் எப்ஸன் நிறுவனம் 2004-இல் வெளியிட்ட ஆர்-டி-1 என்பதே முதல் டிஜிட்டல் தூரமானிக் காமிரா. கொசினா நிறுவனத்தின் பிலிம் காமிரா உடலை அடிப்படையாகக் கொண்டு அது அமைந்தது. 61 இலட்சம் புள்ளிகளைக் கொண்ட அதன் உணர்வி, பிலிம் சட்டத்தைவிடச் சிறியது. சட்டம் சிறுத்ததால், சாய்ந்து விழும் ஓரக் கதிர்களுக்கு வேலை குறைந்தது. மேற்பகுதியில் கடிகாரம் போன்ற முகப்பில் முட்கள் அசைந்து, எஞ்சிய படங்களையும் மின்கலத்தின் நிலையையும் காட்டின. சுற்றுவதற்குப் பிலிமே இல்லாத அக்காமிராவில், ஒவ்வொரு படத்துக்கும் முன் கைப்பிடி நெம்புகோலை இழுத்தே மூடியை ஆயத்தம் செய்ய வேண்டும்.

லைகா 2006-இல் எம்-8 காமிராவோடு வந்தது. உணர்வியின் ஓரங்களில் நுண்லென்ஸ்களைச் சற்று நகர்த்தி அமைத்து, சாய்ந்த கதிர்களை உள்ளே திருப்பினர். முகப்புக் கண்ணாடியையும் மிக மெலிதாக்கினர். மெலிதாக்கியதன் விளைவாக, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்கள் உள்ளே புகுந்தன. செயற்கை நூலால் நெய்த கறுப்புத் துணி படத்தில் ஊதா கலந்த சிவப்பாகத் தோன்றிற்று. நிறுவனம் தவற்றை ஒப்புக்கொண்டு, வாங்கியோருக்கு இரண்டு வடிகண்ணாடிகளை இலவசமாக அளித்தது. 2009-இல் வந்த எம்-9, பிலிம் சட்டத்தின் முழு அளவையும் கொண்ட உணர்வியைத் தூரமானிக் காமிராவில் முதன்முதலாக அமைத்தது. அதன் புள்ளிகள் 1 கோடியே 80 இலட்சம். பார்நாக் வகுத்த 24-க்கு 36 மில்லிமீட்டர் சட்டம் மீண்டது என்று அன்பர்கள் மகிழ்ந்தனர்.

அம்மகிழ்ச்சிக்கும் ஓர் இடையூறு வந்தது. சில ஆண்டுகளில் எம்-9 உணர்வியின் முகப்புக் கண்ணாடி ஈரக்காற்றால் அரிப்புற்று, படங்களில் புள்ளிகள் தோன்றலாயின. 2014-இல் நிறுவனம் குறையை ஏற்று, உணர்விகளை மாற்றித் தந்தது. ஆனால் பழைய உணர்விகளைச் செய்வது நின்றுபோனமையால், சில ஆண்டுகளுக்குப் பின் மாற்று உணர்விகளும் கிடைக்காமற் போயின. இந்தச் சிறு நிகழ்ச்சியை நாம் ஆழ்ந்து நோக்க வேண்டும். 1954-இல் செய்த எம்-3 காமிராவின் தூரமானி மங்கினால், தேர்ந்த கைவினைஞர் அதைப் பிரித்துத் துடைத்துச் சரிசெய்துவிடுகிறார். 2009-இல் செய்த காமிராவின் தூரமானியையும் அவ்வாறே சரிசெய்யலாம். ஆனால் உணர்வி பழுதானால், நன்றாக இயங்கும் தூரமானியும் அதனோடு வீணாகிறது. நூறாண்டு உழைக்கத்தக்க உறுப்பை, பதினைந்து ஆண்டு உழைப்பதே அரிதான உறுப்போடு மணம் முடித்ததைப் போன்றது டிஜிட்டல் தூரமானியின் வாழ்க்கை.

அதன் பின்னரும் வளர்ச்சி நிற்கவில்லை. 2012-இல் நிற வடிகட்டியே இல்லாத, கறுப்பு வெள்ளைக்கென்றே அமைந்த எம் மோனோக்ரோம் வந்தது. 2016-இல் வந்த எம்-டி மாதிரியில் பின்புறத் திரை இல்லை. எடுத்த படத்தை உடனே பார்க்க வழியில்லாத டிஜிட்டல் காமிரா அது. 2022-இல் வந்த எம்-11, 6 கோடிப் புள்ளிகளைப் பதிகிறது. கடிகாரத் தொழிலுக்குப் பெயர்பெற்ற பெஸான்ஸோன் என்னும் பிரெஞ்சு நகரிலிருந்து, பிக்ஸி என்ற சிறு நிறுவனம் 2018-இல் தன் டிஜிட்டல் தூரமானிக் காமிராவை அறிவித்தது. திரையை நீக்கிவிட்டு, கைப்பேசியோடு இணைந்து இயங்கும் கருவி அது. ரஷ்யாவின் ஸெனித் நிறுவனமும் 2018-இல் லைகாவின் உடலைக்கொண்டு குறைந்த எண்ணிக்கையில் ஒன்றை வெளியிட்டது. தோற்றத்தில் தூரமானிக் காமிராவை ஒத்திருக்கும் பிற காமிராக்கள் உண்டு; அவற்றினுள் தூரமானி இல்லை. உலகம் முழுவதும் தேடினாலும், உண்மையான டிஜிட்டல் தூரமானிக் காமிராவைச் செய்தவர்களை ஒரு கை விரல்களால் எண்ணிவிடலாம்.

இனி, எதிர்காலத்தைப் பற்றிய வினாவுக்கு வருவோம். தூரமானிக்கு எதிரான வாதங்கள் வலியவை. கண்ணாடி இல்லாத புதிய காமிராக்களில், கண்ணருகே உள்ள மின்திரை, உணர்வி காண்பதை அப்படியே காட்டுகிறது; வேண்டிய பகுதியைப் பெரிதாக்கியும் காட்டுகிறது. 0.95 அளவுக்குத் துளை விரிந்த 50 மில்லிமீட்டர் லென்ஸால் ஒரு மீட்டர் தூரத்தில் உள்ள முகத்தை எடுக்கும்போது, தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டரே. கண் தெளிந்தால் காது தெளியாது. பிலிம் காலத்தில் சிறு அச்சில் மறைந்துபோன பிழை, 6 கோடிப் புள்ளிகளில் பெரிதாகித் தெரிகிறது. தூரமானியின் நெம்புகோல் இம்மியளவு விலகியிருந்தாலும் படம் காட்டிக் கொடுத்துவிடும். ஆகையால் 2025-இல் வந்த எம் இ.வி.-1 காமிராவில் தூரமானியை அகற்றி மின்திரையை வைத்ததைக் குற்றம் என்று சொல்ல இயலாது. முதுமையால் கண் மங்கியவர்களுக்கு அது உதவியாகவும் இருக்கும்.

எனினும், துல்லியம் ஒன்றே இங்குப் பேசப்பட வேண்டிய பொருளன்று. மின்திரையில் நாம் காண்பது படத்தை. தூரமானிச் சாளரத்தில் நாம் காண்பது உலகை. மின்திரை, இனி எடுக்கப்போகும் படத்தை முன்கூட்டியே முடித்துக் கையில் தருகிறது. தூரமானி அவ்வாறு தருவதில்லை. எந்த முகத்தில் இரட்டை உருவம் பொருந்த வேண்டும், எக்கணத்தில் விரல் அழுந்த வேண்டும் என்பவற்றை மனிதனே தீர்மானிக்க விட்டுவிடுகிறது. பிர்லா மாளிகை வாயிலில் நின்றவருக்குத் தேவைப்பட்டது இந்தத் தீர்மானமே. தவறுவதற்கு இடம் உண்டு என்பதனாலேயே கவனம் கூடுகிறது. இவ்வாறு பழகும் கண்ணையே இக்கருவியின் அன்பர்கள் போற்றுகின்றனர். 2022-இல் லைகா தன் எம்-6 பிலிம் காமிராவை மறுபடியும் செய்து விற்கத் தொடங்கியதற்கும் இந்த அபிமானமே காரணம் எனலாம்.

ஆகவே, தூரமானிக்கு உண்மையான ஆபத்து மின்திரையிலிருந்து வருவதாக நமக்குத் தோன்றவில்லை. ஆபத்துகள் வேறு இரண்டு. ஒன்று, முன்னே சொன்ன உணர்வியின் அற்பாயுள். மற்றொன்று விலை. 1960-களில் நடுத்தரக் குடும்பத்தின் அலமாரியில் இருந்த கருவி இது. டிஜிட்டல் யுகத்திலோ, கானனெட்டைப் போலவோ எலெக்ட்ரோ-35 போலவோ சாமானியர் வாங்கத்தக்க தூரமானிக் காமிரா ஒன்றுகூடப் பிறக்கவில்லை. இன்று புதிய டிஜிட்டல் எம் காமிரா ஒன்றுக்கு நம் நாட்டில் பல இலட்சம் ரூபாய் வேண்டும். கண்ணாடிகளையும் நெம்புகோல்களையும் தேர்ந்த கைகள் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துப் பொருத்த வேண்டியிருப்பதும், மின்திரையோ தொழிற்சாலையில் இலட்சக்கணக்கில் மலிவாகக் கிடைப்பதும் இதற்குக் காரணங்கள். தெருவில் இறங்கிப் படமெடுக்கப் பிறந்த கருவி, பூட்டிவைக்கும் அணிகலனாகிவிட்டால், அது வாழ்ந்தும் வாழாததற்கு ஒப்பாகும்.

தூரமானியின் தத்துவமோ அழியவில்லை. நம் சட்டைப்பைக்குள்ளேயே வந்து குடியேறிவிட்டது. இரண்டு லென்ஸ்களைக் கொண்ட கைப்பேசி, இரு காட்சிகளின் வேறுபாட்டைக் கணக்கிட்டு முகத்தையும் பின்னணியையும் பிரித்தறிகிறது. தானாகவே தெளிவைக் கண்டுகொள்ளும் இக்காலக் காமிராக்கள் பலவும், லென்ஸின் இடப்பாதி வழியாகவும் வலப்பாதி வழியாகவும் வரும் ஒளியை ஒப்பிட்டு, இரண்டும் பொருந்தும் இடத்தில் லென்ஸை நிறுத்துகின்றன. பார்நாக்கின் காலத்தில் மனிதன் தன் கையால் செய்ததையே இன்று கணக்கு செய்கிறது. பொருத்தும் வேலை நின்றபாடில்லை. பொருத்தும் கைதான் மாறியிருக்கிறது.

நாம் எதிர்பார்க்கத்தக்கது இதுவே: டிஜிட்டல் தூரமானிக் காமிரா பெருவழக்காகத் திரும்பாது, முற்றிலும் மறையவும் மாட்டாது. வீணையைப் போல, கற்றோர் கையில் சிறு தொகையாக வாழும். அந்த வாழ்வு நீள்வதற்குச் செய்ய வேண்டுவனவும் தெளிவாக உள்ளன. உணர்வியைக் கழற்றி மாற்றத்தக்கதாக அமைத்தல் ஒன்று. பழுதுபார்க்கும் கைவினையை அடுத்த தலைமுறைக்குக் கற்பித்தல் மற்றொன்று. இவற்றுள் முன்னையது நிறுவனங்களின் கையில் இருக்கிறது. பின்னையதில் நமக்கும் பங்குண்டு.

பிழைப்புக்காக ஊரைவிட்டுப் புறப்பட்டபோது நம் தந்தையரும் பாட்டன்மாரும் கொணர்ந்த பெட்டிகளில், யஷிகாவோ கானனெட்டோ இன்னும் துணிசுற்றிக் கிடக்கக்கூடும். அவ்வாறு ஒன்று கிடைத்தால், அதன் சாளரத்தின் வழியே தொலைவில் உள்ள ஒரு கோபுரத்தையோ தொலைபேசிக் கம்பத்தையோ நோக்கி, லென்ஸ் வளையத்தை முடிவிலிக் குறிவரை திருப்பிப் பாருங்கள். நடுக்கட்டத்தில் இரட்டை உருவங்கள் ஒன்றாகப் பொருந்தினால் தூரமானி நலமாக உள்ளது. பொருந்தாவிட்டால், அல்லது கட்டமே மங்கித் தெரியாவிட்டால், எறிந்துவிட வேண்டாம். டில்லி சாந்தினி சௌக்கின் கூச்சா சௌதரியிலும், பம்பாய்க் கோட்டைப் பகுதியின் போரா பஜாரிலும், கல்கத்தா மெட்ரோ கல்லியிலும் உள்ள காமிராக் கடைகளில் விசாரித்தால், சிறு திருப்புளியோடு அதைச் சரிசெய்யத் தெரிந்தவர் இன்றும் அகப்படக்கூடும். அவருக்கு வேலை கொடுப்பதே அந்தக் கைவினையைக் காப்பதாகும். சரிசெய்த காமிராவில் ஒரு பிலிம் சுருளை இட்டு, வீட்டில் உள்ள முதியவர் ஒருவரின் முகத்தில் இரட்டை உருவத்தைப் பொருத்தி ஒரு படம் எடுக்கலாம். தந்தையர் அந்தச் சாளரத்தில் எப்படிப் பார்த்தார்கள் என்பது அப்போது நமக்கும் விளங்கும்.